மொனிற்றர் இல்லாத மேசை

றோஸி அன்ரியின் மேசையில் ஒரு பழைய கணினிப் பெட்டி இருந்தது. விசைப்பலகையும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர்களும் இருந்தன. திரை இல்லை. திருத்தக் கொண்டுபோயிருப்பார்களாக்கும் என்று நினைத்துக் கேட்டேன்.

"மொனிற்றர் எங்க அன்ரி?"

"அது போய்ப் பதினைஞ்சு வருசத்துக்கு மேல. மேல்வீட்டுப் பிள்ளையள் படம் பாக்கக் கேட்டுதுகள், குடுத்திட்டன். எனக்கென்னத்துக்கு? தூசி தட்டுறதுக்கா?"

அவர் பிறவியிலிருந்தே பார்வையற்றவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் ஒரு தனியார் கணினி வகுப்பில் நான் படிப்பிக்கிறேன். அங்கேதான் அவர் தொலைபேசி எடுத்திருந்தார். "பழைய கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆரும் இருக்கினமா? அலட்டாத ஆளா வேணும்" என்று கேட்டாராம். வகுப்பு நடத்துகிறவர் சிரித்துக்கொண்டு தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பழைய கணினி தெரியாது. முகத்துவாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறி ஓட்டுகிறார். கணினிப் பட்டத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன தெரியும் என்று நேர்முகத்தில் கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது. எதைத் திருத்தியிருக்கிறாய் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த யோசனையில்தான் "வாறன் அன்ரி" என்று சொல்லியிருப்பேன் போல.

அந்தப் பெட்டியின் கதையைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார். இளம் வயதில் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். நேரடி இலக்கங்கள் வந்ததும் வேலை போனது. பிரியாவிடையில் சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள், சத்தமில்லாத வகை. அடுத்த நாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்து, "மணி அடிக்கிறதா மாத்தித் தாங்கோ" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தாராம். கதை நடுவில் அந்தக் கடிகாரம் மணி அடித்தது. அவர் நிறுத்தி, அது முடிந்ததும் தொடர்ந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் இந்தக் கணினியைக் கொடுத்தது. அதனுள் ஓர் அட்டை செருகியிருக்கிறது. திரையில் வரும் எழுத்தை அது குரலாக்கும். ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் இவர் தன்பாட்டில் ஒரு முறை வைத்து அடிப்பார். அதை அது வாசிக்கும். "வெள்ளைக்காரப் பாதர் தமிழில பூசை வைக்கிற மாதிரி இருக்கும். ஆனா விளங்கும்" என்றார். பக்கத்து அறையில் ஒரு பெரிய பிரெய்ல் அச்சுப்பொறி. இரண்டையும் வைத்துக்கொண்டு தமிழ் மொழியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம், வினாத்தாள் எல்லாம் அடித்துக் கொடுக்கிறார். பெற்றோர்கள் வந்து கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு பிள்ளைக்கு கிரிக்கெட் விதிகள் வேண்டுமென்று கேட்டு அதையும் அடித்தாராம்.

இப்போது அட்டை பேசவில்லை.

"அண்ணாட வேலை" என்றார்.

அண்ணா சவுந்தரநாயகம். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வீடு. தங்கச்சியின் கணினிக்கு இன்டர்நெட் எடுத்துக் கொடுத்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. றோஸி அன்ரி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு கடையிலிருந்து திருத்துகிறவரைக் கூட்டிவந்து, பெட்டியைத் திறந்து ஒரு நெட்வேர்க் அட்டையைச் செருக வைத்திருக்கிறார். திருத்துகிறவர் தன் திரையொன்றைக் கொண்டுவந்து பூட்டிப் பார்த்தார். எழுத்துகள் ஒழுங்காக வந்தன. திரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

கோயிலால் வந்து இவர் கணினியைப் போட்டார். வழமையாக "ரெடி" என்று ஒரு குரல் வரும். வரவில்லை. கடைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அது வேலை செய்யுது மிஸ். நாங்க பாத்தம்தானே" என்றிருக்கிறார்கள்.

"நீங்க பாத்தீங்க. எனக்குக் கேக்கேல்லையே."

"ஸ்கிரீன்ல எல்லாம் வருது மிஸ்."

"என்ர வீட்டில ஸ்கிரீனே இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அண்ணாவோடு நடந்த பேச்சுத்தான் பெரியது. அவர் கோபப்படவில்லையாம், கவலைப்பட்டாராம். "இதைத்தான் நான் கனகாலமாச் சொல்லுறன் றோஸி. கண் தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்தில இல்லாம ஒண்டும் சரிவராது. இந்தப் பெட்டியும் முடிஞ்சுது. இனி என்னத்துக்கு இந்தப் படியெல்லாம் ஏறி இறங்கிறாய்? என்னோட வந்து இரு."

றோஸி அன்ரி சொன்ன பதிலை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். "சனிக்கிழமைக்கிடையில அது கதைக்கும். கண் தெரிஞ்ச ஆள் பாக்காமலே கதைக்கும். கதைக்காட்டி நான் வாறன்."

"உண்மையாப் போயிடுவீங்களோ அன்ரி?"

"சொன்னாப் போகத்தானே வேணும். அவர் சனிக்கிழமைக்கு வானும் சொல்லிப்போட்டார்."

வெள்ளவத்தையில் அவருக்கு என்ன குறை என்று நான் கேட்டேன். அண்ணி நல்லவர், கடல் காற்று, லிஃப்ட் இருக்கிறது. லிஃப்ட் பொத்தான்களுக்குத் தானே பிரெய்ல் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினாராம். கட்டட நிர்வாகம் அழகு கெடுகிறது என்று உரித்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி உரித்தார்கள். அடுத்த முறை ஒட்டியதை விட்டுவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் உட்காரப் போனால் கதிரையை யாரோ இழுத்து வைப்பார்கள். கோப்பையைக் கையில் பிடித்து வைப்பார்கள். அடுப்படிப் பக்கம் போகவிட மாட்டார்கள்.

"அங்க எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டினம் பிள்ளை. அதுதான் பயம்."

நான் பெட்டியைத் திறந்தேன். நெட்வேர்க் அட்டை எது, பேசும் அட்டை எது என்று அவரே தொட்டுக் காட்டினார். சிக்கல் எனக்கு உடனே விளங்கியது போலிருந்தது. புதிது வந்ததால்தான் பழையது நின்றது. புதியதைக் கழற்றினால் சரி. கழற்றி, மூடி, போட்டோம். வட்டு சுழல்கிற சத்தம் கேட்டது, நின்றது. குரல் வரவில்லை.

"வகுப்பில சும்மா கிடக்கிற மொனிற்றர் ஒண்டு இருக்கு அன்ரி. நாளைக்குக் கொண்டுவாறன். பாத்தா உடன தெரிஞ்சிடும்."

"வேண்டாம்."

"நான் பாத்து வாசிச்சுச் சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ."

"உனக்கு விளங்கேல்லை. நீ பாத்துச் செய்தா, அடுத்தமுறை இது நிக்கேக்கயும் உன்னைத்தான் கூப்பிடோணும். அதைத்தானே அண்ணா சொல்லுறார்? பிறகு நான் எந்த முகத்தோட மாட்டன் எண்டு சொல்லுறது?"

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டதும் அவர், கட்டிப்போடுவதும் அவர். திரை இல்லாத கணினியைத் திருத்து என்பது எனக்கு வைக்காத மீன்குழம்பில் உப்புப் பார் என்பது போல இருந்தது. பஸ்ஸில் போகும்போதும் அதே எண்ணம். உதவிக்கு வந்தால் உதவியை ஏற்க வேண்டாமா? பிறகு இன்னொரு கேள்வியும் வந்தது. அவருடைய பெட்டியைப் பேச வைக்கப் போனேனா, என்னுடைய கெட்டித்தனத்தைக் காட்டப் போனேனா? முகத்துவாரத்தில் இறங்கும் வரைக்கும் அதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்து அந்த வகை அட்டைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். ப்ளக் அண்ட் ப்ளே என்று பெயர். செருகினால் போதும், மற்றதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் வாக்குறுதி. கணினிக்குள் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு விலாசம் வேண்டும். அந்த விலாசத்துக்கு அனுப்புவதைத்தான் அது கேட்கும். அதற்கு முந்திய அட்டைகளில் சின்ன ஊசிகளை இடம் மாற்றி விலாசத்தைக் கையால் குறிக்க வேண்டும். இந்த வகைக்கு அது இல்லை. கணினி எழும்பும்போது தானே விலாசம் பங்கிட்டுக் கொடுக்கும்.

பங்கிடுகிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த நாள் போய் றோஸி அன்ரிக்குச் சொன்னேன். மின்சாரம் வந்ததும் அட்டைகள் எல்லாம் வாய் மூடி இருக்கும். கணினி எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் வரிசையை அனுப்பும், கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு ஒவ்வோர் அட்டையும் தொழிற்சாலையில் தனக்கு இட்ட அடையாள எண்ணைத் துண்டு துண்டாகச் சொல்லத் தொடங்கும். ஒரு துண்டில் தான் பேசவேண்டியதில்லை என்றால் அட்டை காது கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் இன்னொன்றின் சத்தம் கேட்டால் அந்தச் சுற்றிலிருந்து விலகி நிற்கும். கடைசியில் ஒன்று மிஞ்சும், அதற்கு ஓர் இலக்கம். விலகி நின்றவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எல்லாவற்றுக்கும் இலக்கம் கிடைக்கும் வரை இது நடக்கும்.

"ஒராள் கதைக்கேக்க மற்றவை கேட்டுக்கொண்டிருக்கினம், என்ன?"

"ஓம் அன்ரி."

"எங்கட கோயில் பங்குச் சபைக் கூட்டத்துக்கு இந்த அட்டையில ரெண்டைக் கொண்டுபோகோணும்."

என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னேன். நெட்வேர்க் அட்டையைச் செருகியபோது கணினி விலாசங்களைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது. பேசும் அட்டையின் இடம் புதியவருக்குப் போய்விட்டது. பேசும் அட்டையை வேறெங்கோ குடியேற்றிவிட்டது. திரை எழுத்தை எடுத்துப் பேசும் அட்டைக்கு அனுப்புகிற வாசிக்கும் நிரலுக்கு இது தெரியாது. அது இன்னும் பழைய விலாசத்துக்கே சொற்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. நேற்று நான் புதிய அட்டையைக் கழற்றியும் பயனில்லை. ஒருமுறை பங்கிட்டதைக் கணினி ஞாபகம் வைத்திருக்கும், ஆள் போனாலும் இடத்தைத் திருப்பித் தராது.

"அப்ப என்ர பேசுற காட் சாகேல்லை."

"இல்லை அன்ரி. வேற இடத்தில இருக்குது. ஒண்டும் வராததால சும்மா இருக்குது."

"எந்த இடமெண்டு கண்டுபிடிக்க என்ன செய்யோணும்?"

"அந்த அட்டையோட வந்த பிளொப்பியில ஒரு நிரல் இருந்திருக்கும். பெட்டிக்குள்ள இருக்கிற அட்டையெல்லாத்தையும் கூப்பிட்டு விசாரிச்சு, ஆருக்கு எந்த விலாசம், வேற எதெல்லாம் குடுக்கலாம் எண்டு வரிசையாப் போடும். ஆனா..." நான் நிறுத்தினேன். "திரையிலதான் போடும்."

அவர் விரலால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"திரையிலதான் போடோணுமெண்டு சட்டமோ? கடதாசியில போட்டா?"

அச்சுப்பொறி பக்கத்து அறையில் இருந்தது. அதற்குப் பேசும் அட்டை தேவையில்லை. திரைக்குப் போகிற எழுத்தை அச்சுக்குத் திருப்ப, கட்டளைக்குப் பின்னால் ஒரு குறியும் மூன்று எழுத்தும் போதும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்து, பிளொப்பியிலிருந்து முந்தி ஏற்றிய அந்த நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று யோசித்து, குரலின் துணையில்லாமல் கட்டளையை அடித்தார். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிசகியது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அடித்து முடித்துக் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தார், இம்முறை மெதுவாக. பக்கத்து அறையில் இடி இடிக்கத் தொடங்கியது. பிரெய்ல் அச்சு ஊசியால் கடதாசியைக் குத்துவது. தொடர்மாடி முழுதும் கேட்கும்.

கீழ் வீட்டு பத்மாவதி அக்கா படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். "றோஸி, என்ன மேல வீட்டை இடிக்கிறியளோ?"

"இல்லையக்கா, கட்டுறன்."

நீளமாக வந்த கடதாசியை மடியில் வைத்து விரலை ஓட்டினார். என்னால் அதில் ஒரு புள்ளியையும் வாசிக்க முடியாது. அவர் வாசிக்க நான் கேட்டேன். அவருக்கு எழுத்துகள் தெரிந்தன. அவற்றின் கருத்து எனக்குத் தெரிந்தது. "இதென்ன, ஐ, ஓ, பிறகு ஒரு நம்பர்?" என்பார். "அதுதான் விலாசம்" என்பேன். அட்டை இருந்தது. தன் பெயரையும் எண்ணையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது. பழைய இடத்திலிருந்து தள்ளி வேறோர் இடத்தில் இருந்தது.

"ஒரு சுகமான வழி இருக்கு அன்ரி" என்றேன். "வாசிக்கிற நிரலிட்ட புது விலாசத்தைச் சொல்லிவிடுவம். ஒரு வரிதான்."

"காட் போன இடத்துக்கு நானும் போறதோ?"

"அப்படித்தான்."

"அது வேண்டாம். அது இருந்த இடத்துக்கு அது வரட்டும்."

"அதுக்கு ஒவ்வொருமுறை எழும்பேக்கயும் அட்டைக்கு இடம் சொல்ல ஒரு கோப்பு எழுதோணும். கஷ்டம்."

"எழுதுவம். அண்ணா வாங்கின மற்றக் காட்டையும் திருப்பிப் போடு."

எனக்கு நம்ப முடியவில்லை. "அதாலதானே இவ்வளவும்?"

"அது என்ன செய்தது பாவம்? செருகினாங்கள், இருந்துது. அதுவும் இருக்கட்டும். ஆனா எங்க இருக்கிறதெண்டு நான் சொல்லுவன்."

புதியவற்றோடு அவருக்குப் பகை இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. அண்ணா கொடுத்த மடிக்கணினி அலமாரியில் இருக்கிறது. பேப்பர் வாசிக்கவும் ஈமெயில் அனுப்பவும் அதைத்தான் எடுப்பார். கைத்தொலைபேசி பேசும். அச்சுப்பொறிக்கு மட்டும் இந்தப் பெட்டிதான் தோது. "ஒருநாளைக்கு இதையும் மாத்தத்தான் வேணும். எப்ப மாத்திறதெண்டு நான் யோசிச்சுச் சொல்லுவன். வான் வந்து சொல்லக்கூடாது."

அந்த நிரல் தானே ஒரு மாதிரிக் கோப்பு எழுதித் தரும். அதில் ஒவ்வோர் அட்டைக்கும் கொடுக்கக்கூடிய எல்லா விலாசங்களும் இருக்கும், ஆனால் எல்லா வரிகளுக்கும் முன்னால் அவற்றைச் செயற்படாமல் நிறுத்தி வைக்கும் ஒரு குறி இருக்கும். நமக்கு வேண்டிய வரியின் குறியை எடுத்துவிட்டால் அந்த வரி மட்டும் உயிர் பெறும். வரி வரியாகத் திருத்தும் பழைய நிரலில் றோஸி அன்ரி அதைச் செய்தார். ஒரு வரி திருத்துவது, அச்சுக்கு அனுப்புவது, விரலால் பார்ப்பது, பிறகு அடுத்த வரி. வெள்ளிக்கிழமை முழுக்க அப்படியே போனது.

சனிக்கிழமை காலை நான் வந்தபோது கோப்பு முடிந்திருந்தது. கணினியை நிறுத்திப் போட்டோம். வட்டு சுழன்றது. நின்றது. சத்தமில்லை.

இன்னொரு முறை போட்டோம். அதே கதை.

அச்சுக்கு அனுப்பிப் பார்த்தோம். பேசும் அட்டைக்குப் பழைய விலாசம் சரியாகக் கிடைத்திருந்தது. நெட்வேர்க் அட்டைக்கு நாங்கள் சொன்ன இடம். எல்லாம் சரி. ஆனால் பேச்சில்லை. நான் வாசித்ததெல்லாம் மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு திரை இருந்தால் கண்ணை ஓட்டி எதையாவது பிடித்திருப்பேன் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்டது. சவுந்தரநாயகம் அங்கிள் உள்ளே வந்தார். வெள்ளைச் சேர்ட், கையில் கறுப்பு கேபிள் சுருள் ஒன்று.

"வான் கீழ நிக்குது. அவசரமில்லை" என்றார். என்னைப் பார்த்தார். "இது ஆர்?"

"உஷாந்தி. கொம்பியூட்டர் படிச்ச பிள்ளை" என்றார் றோஸி அன்ரி.

"சரிவந்துதோ?"

"இன்னும் இல்லை."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். வெற்றி பெற்றவர் போல இல்லை, களைத்தவர் போலத்தான் இருந்தார். "றோஸி, நான் உன்னோட போட்டிக்கு வரேல்லை. வானுக்குள்ள ஒரு மொனிற்றர் கொண்டுவந்திருக்கிறன். மேல எடுப்பிக்கிறன். இந்தப் பிள்ளை ஒருக்காப் பாக்கட்டும். சரிவந்தா நீ இங்கயே இரு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

நான் றோஸி அன்ரியைப் பார்த்தேன். கேட்டது கிடைக்கிறது. வீடு கிடைக்கிறது. ஆம் என்று சொல்ல ஒரு கணம் போதும். அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது.

"வேண்டாம் அண்ணா."

"ஏன் இந்தப் பிடிவாதம்? இவ்வளவு கிட்ட வந்திட்டு."

"பாத்துச் சரிவந்தா நீங்கள் சொன்னது சரியெண்டு ஆயிடும். பிறகு நான் இங்க இருக்கிறது உங்கட இரக்கத்தில இருக்கிறது. அதைவிட வெள்ளவத்தைக்கு வாறது மேல். அங்க எண்டாலும் கடல் காத்து வரும்."

அவர் கேபிளை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப எவ்வளவு நேரம்?"

"வான்காரனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ."

அவர் போகவில்லை. இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். றோஸி அன்ரி கோப்பு முழுவதையும் மறுபடி அச்சுக்கு அனுப்பினார். நாங்கள் திருத்திய வரிகளை மட்டும்தான் அதுவரை அச்சிட்டுப் பார்த்திருந்தோம். இடி சத்தம் முடிந்ததும் கடதாசியை இழுத்து, தொடக்கத்திலிருந்து விரலை ஓட்டினார். விலாச வரி, குறி இல்லை, சரி. அடுத்த வரி, சரி. மற்றவை எல்லாம் குறியோடு. பகுதியின் கடைசிக்கு வந்தபோது விரல் நின்றது.

"இதென்ன பிள்ளை? ஏ, சீ, ரீ. பிறகு வை. முன்னால குறி இருக்கு."

நான் எழும்பிவிட்டேன். "அன்ரி, அதுதான். இடம் குடுத்தம், ஆனா எழும்பச் சொல்லேல்லை. இந்த வரியைத் திறந்தாத்தான் அட்டை வேலையைத் தொடங்கும்."

"இடத்தைக் குடுத்துப்போட்டு நித்திரையில விட்டிட்டமோ?"

"ஓம்."

"மற்றக் காட்டுக்கும் அப்படித்தானோ?"

"அதுக்கும்."

இரண்டு குறிகளையும் எடுத்தார். சேமித்தார். கணினியை நிறுத்தினார். உடனே போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் பொத்தானை அமத்தினார். வட்டு சுழன்றது. ஒரு சின்ன கீச்சு. பிறகு ஸ்பீக்கரில் ஓர் ஆணின் குரல், மூக்கடைப்பு வந்த இயந்திரம் போல, "ரெடி" என்றது.

றோஸி அன்ரி ஒரு கட்டளை அடித்தார். குரல் எல்லாவற்றையும் வேகமாக வாசித்துக்கொண்டு போனது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவ்வளவு வேகம். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தினார்.

"உங்கட காட்டும் இருக்குது அண்ணா. உங்கட மகன் வந்தா இன்டர்நெட் பூட்டிக் குடுக்கட்டும், ஏலுமெண்டா."

சவுந்தரநாயகம் அங்கிள் தொண்டையைச் செருமினார். "நல்லது. சந்தோசம். ஆனா றோஸி, ஒண்டு சொல்லுறன், கோவிக்காத. இந்தப் பிள்ளை இல்லாட்டி உனக்கு இது சரிவந்திருக்குமோ?"

நான் கேட்கப் பயந்திருந்த கேள்வி அதுதான். நான் இல்லாவிட்டால்? ஆனால் நானும் பார்க்கவில்லையே. இந்த மூன்று நாளும் என் கண்ணுக்கு இந்த வீட்டில் ஒரு வேலையும் இருக்கவில்லையே.

றோஸி அன்ரி அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"சரிவந்திராது. ஆள் வேணும்தான். உங்களுக்குப் பல்லுக் கொதிச்சா என்ன செய்வீங்கள்?"

"டாக்டரிட்டப் போவன்."

"ஏன், நீங்களே பிடுங்கிறேல்லையோ?"

"விசர்க் கதை கதைக்காத."

"டாக்டரிட்டப் போறீங்கள். அதுக்காக வெள்ளவத்தை வீட்டைப் பூட்டிப்போட்டு டாக்டர் வீட்டில போய்க் குடியிருக்கிறீங்களோ? அவரும் வாங்கோ வாங்கோ எண்டு வான் அனுப்புறாரோ?"

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அங்கிளும் வாயைக் கோணிக்கொண்டார். சிரிக்கக்கூடாது என்று இருந்திருப்பார்.

"நான் உன்ர நன்மைக்குத்தான் செய்தனான்."

"தெரியும் அண்ணா. அதாலதான் இவ்வளவு கஷ்டம். கெடுதிக்குச் செய்தா அண்டைக்கே சண்டை பிடிச்சு முடிச்சிருப்பன்." அவர் கையை நீட்டினார். "திறப்பைத் தாங்கோ."

"என்ன திறப்பு?"

"இந்த வீட்டுத் திறப்பு. இப்ப திறந்துகொண்டு வந்தது. அண்டைக்கு நான் இல்லாத நேரம் திறந்தது."

"அவசரத்துக்கு எண்டு வைச்சிருக்கிறது அது, றோஸி. உனக்கு என்னவும் நடந்தா?"

"பத்மாவதி அக்காட்ட ஒண்டு இருக்கு. அவ கேட்டுத்தான் திறப்பா. நீங்கள் வாங்கோ, எத்தினைதரம் எண்டாலும் வாங்கோ. மணி அடிச்சிட்டு வாங்கோ. நான் வந்து திறப்பன்."

அவர் உடனே கொடுக்கவில்லை. சேர்ட் பொக்கற்றைத் தொட்டார், கையை எடுத்தார். இந்த இடத்தில் அண்ணா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று பட்டது. றோஸி அன்ரியின் கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அங்கிள் சாவி வளையத்திலிருந்து அதைக் கழற்ற நகத்தால் மல்லுக்கட்டினார். நான் உதவப் போகவில்லை. கழற்றி, தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்தார். கேபிள் சுருளை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கு ஞாயிறு பூசைக்குப் பிறகு வாறன்."

"வாங்கோ. மீன் வாங்கி வைப்பன்."

அவர் படி இறங்குவது கேட்டது. றோஸி அன்ரி எழும்பிப் பல்கனிக் கதவடியில் போய் நின்றார். நானும் போனேன். கீழே வான்காரர், ஒரு சிங்கள இளைஞர், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு மொனிற்றர் சீற்றில் சாய்ந்து கிடந்தது.

"மல்லி, நங்கி என்னே நே" என்றார் சவுந்தரநாயகம் அங்கிள். தம்பி, தங்கச்சி வரமாட்டாளாம்.

"ஏ ஐ மஹத்தயா?" ஏன் ஐயா என்று கேட்டார் அந்த இளைஞர்.

பாரச் சாமான் இருக்கிறது, வேறொரு நாள் பார்ப்போம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன்.

"பே கிவ்வா" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வான் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. றோஸி அன்ரி அது தெருமுனை திரும்பும் வரை காது கொடுத்துக் கேட்டார். பிறகு உள்ளே வந்து விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்தார்.

"நீ போயிட்டு வா பிள்ளை" என்றார். "எனக்கு வேலை கிடக்கு."